கொடை காடையான கதை: தொலைக்காட்சித் திரையும் தமிழ் எழுத்தின் ஓரமும்

சில வாரங்களுக்கு முன் தாராவியில், 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு படிப்பகத்தில் பேசச் சென்றிருந்தேன். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் இங்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சில் நிலைத்திருக்கும் கோயில் திருவிழாச் சொற்கள் பற்றிய சிறு உரை. அங்கே வீழ்த்தி இல்லை; சுவரில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. எச்டிஎம்ஐ வடத்தால் என் மடிக்கணினியை அதனோடு இணைத்து, சொற்பட்டியலை ஓரம் விடாமல் திரை முழுவதும் விரிந்த படமாகக் காட்டினேன். முன் வரிசைச் சிறுவர்கள் முதற்சொல்லை உரக்கப் படித்தார்கள்: "காடை."

நான் எழுதியிருந்தது "கொடை". அடுத்த வரியில் "கொட்டு" என்பது "காட்டு" ஆகியிருந்தது. அதற்கடுத்து, "பொங்கல்" இருந்த இடத்தில் எந்த அகராதியிலும் இல்லாத "பாங்கல்". மற்றச் சொற்களில் முதலெழுத்தின் இடப்புறம் சற்றே தேய்ந்திருந்தாலும் ஊகித்துப் படிக்க முடிந்தது. ஒற்றைக் கொம்பில் தொடங்கிய சொற்களோ கொம்பை முற்றாக இழந்து வேறு சொற்களாகவே மாறிவிட்டன. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன தாயி, நம்ம அம்மனுக்குக் கொடை கொடுக்கோமா, காடை கொடுக்கோமா?" அவை சிரித்து ஓய்வதற்குள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி தொலைவியக்கியை எடுத்தாள், படத்தின் அளவைத் தேர்வு செய்யும் பட்டியலுக்குச் சென்று ஏதோ ஒன்றை மாற்றினாள். கொம்புகள் திரும்பி வந்தன.

அவள் மாற்றிய அந்த ஒரு தேர்வுக்குப் பின்னால் தொலைக்காட்சியின் வரலாறே இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றில் சிறு பகுதியும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் பகுதி மும்பையைத் தொட்டுச் செல்கிறது. இப்பதிவு அதைப் பற்றியது.

வரிகளால் ஆன படம்

தொலைக்காட்சிப் படம் தொடக்கத்தில் புள்ளிகளால் எண்ணப்படவில்லை, வரிகளால் எண்ணப்பட்டது. 1926 சனவரியில் இலண்டனில் ஜான் லோகி பெயர்டு செய்துகாட்டிய படத்தில் 30 வரிகள் இருந்தன. ஒரு முகத்தை அடையாளம் காண அது போதும். ஒரு சொல்லைப் படிக்கப் போதாது. பத்தாண்டுகள் கழித்து, 1936 நவம்பரில் பிபிசி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது மார்கோனி-இஎம்ஐ முறையின் 405 வரிகளை "உயர் துல்லியம்" என்றே அழைத்தார்கள். உயர்வு என்பது எப்போதும் அதற்கு முந்தையதை ஒப்பிட்டுச் சொல்லப்படுவதுதான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவின் பெரும்பகுதி 625 வரிகளை ஏற்றது. அமெரிக்கா 525 வரிகளில் நின்றது. இந்த வேறுபாட்டில் மின்சாரத்துக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 60 சுற்று. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. மின்னோட்டத்தின் அதிர்வு படத்தில் அலையாக ஓடாதிருக்க, படம் புதுப்பிக்கப்படும் வேகத்தை அதனோடு பொருத்தினார்கள். ஆகவே இங்கு நொடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது 25 முழுப்படங்கள். முதல் அரைப்படத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். 625ஐ 25ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,625 வரிகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும். 625 வரிகளிலும் படத்தைத் தாங்குபவை ஏறத்தாழ 576 மட்டுமே. மற்றவை மின்கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தில் கழிந்துவிடும்.

இந்தியா 625 வரிகளைத் தேர்ந்தது. 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டாவது நகரம் மும்பை: 1972 அக்டோபர் 2. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டில். மாட்டுங்காவில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம், மயிலாப்பூரில் இருந்த தன் உறவினரைவிட ஏறக்குறைய மூன்றாண்டு முன்பே வீட்டில் தொலைக்காட்சி பார்த்திருக்க முடியும் என்பது இதன் பொருள். ஆனால் அந்தத் திரையில் தமிழ் எழுத்து அரிது. மராத்தியும் இந்தியும் ஆண்ட திரை அது. எப்போதேனும் ஞாயிறு பிற்பகலில் ஒரு தமிழ்ப்படம் வரும். அதன் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடும். சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதுவரை மும்பைத் தமிழர் வீட்டுத் திரையில் தமிழ் செவிக்குரியதாக இருந்த அளவுக்குக் கண்ணுக்குரியதாக இருக்கவில்லை.

மறைக்கப்பட்ட ஓரம்

பழைய தொலைக்காட்சி என்பது ஒரு கண்ணாடிக் குழாய். எலக்ட்ரான் கற்றையை மின்காந்தத்தால் வளைத்துத் திரையின் உட்புறப் பூச்சில் வரிவரியாக ஓடவிடுவார்கள். மின்னழுத்தம் குறைந்தால் படம் சுருங்கும். உறுப்புகள் பழையதானாலும் சுருங்கும். அந்நாளில் நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு அடியில் ஸ்டெபிலைசர் என்ற பெட்டி முனகிக்கொண்டிருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படம் சுருங்கினால் நாற்புறமும் கறுப்புப் பட்டை தெரியும், வாங்கியவர் குறைசொல்வார். இதைத் தவிர்க்கத் தயாரிப்பாளர்கள் ஓர் எளிய வழியைக் கண்டார்கள்: படத்தைக் குழாயின் முகப்பைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையச் செய்தார்கள். ஓரங்கள் சட்டகத்துக்குப் பின்னால் மறைந்துபோயின. பொறியாளர் வழக்கில் இது ஓவர்ஸ்கேன். நாம் "மிகைவிரிவு" எனலாம்.

ஒளிபரப்பாளர்களுக்கு இது தெரியும். ஆகவே எழுத்தும் முக்கியக் காட்சியும் உள்ளே, ஒரு பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் என்ன இருந்தாலும் யாரும் இழப்பை உணரவில்லை. இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு குறையின்றி நடந்தது. தொலைக்காட்சியோடு கணினி வந்து சேர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. கணினிக்கு ஓரமும் பக்கத்தின் பகுதியே.

கணினிக்குத் திரை கிடைத்தது

கணினிக்கும் கதிர்க்குழாய்க்கும் உள்ள உறவு மும்பையில் மிகப் பழையது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியில், வரைபடங்களையும் எண்களையும் எழுத்துகளையும் காட்டுவதற்கு ஒரு கதிர்க்குழாய்த் திரை இணைக்கப்பட்டிருந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அவர் பின்னர் வடிவ உணர்தலிலும் மொழி நடத்தையிலும் ஆய்வு செய்தார். மொழியியல் படிப்பவர்கள் அவரை இன்னும் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எனினும் அது ஆய்வகத் திரை. வீட்டுத் திரை அன்று.

வீட்டுத் தொலைக்காட்சியோடு கணினி சேர்ந்தது 1980களில். 1982இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், தனக்கென்று திரை இல்லாமலே விற்கப்பட்டது. அது ஒரு சிறு தொலைக்காட்சி நிலையம்போல் அலையை உருவாக்கும். அதை ஆண்டெனா துளையில் செருகி, அலைவரிசையைத் திருகிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தியாவிலும் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் அதன் ஒரு வடிவத்தை விற்றது. 1984இல் தொடங்கிய அரசின் "கிளாஸ்" திட்டத்தின்வழி நம் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. இவையெல்லாம் தொலைக்காட்சியின் வரிக்கணக்குக்குள் பிறந்த கணினிகள்.

ஸ்பெக்ட்ரத்தின் படம் அகலத்தில் 256, உயரத்தில் 192 புள்ளி. தொலைக்காட்சி அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். பிறகு ஏன் அவ்வளவு சிறிது? நினைவகம் விலையுயர்ந்தது என்பது ஒரு காரணம். அந்தச் சிறு படத்தைச் சுற்றி வண்ணத்தில் ஓர் அகன்ற கரையும் விட்டிருந்தார்கள். சட்டகம் எதை விழுங்கினாலும் கரையைத்தான் விழுங்கும், எழுத்து பிழைக்கும். ஐபிஎம் 1981இல் தன் தனிக்கணினியை வெளியிட்டபோது, 80 எழுத்து வரிசையோடு 40 எழுத்து வரிசையையும் கொடுத்ததற்குக் காரணம் தொலைக்காட்சிதான்; ஒரு வரியில் 80 எழுத்துகளை வீட்டுத் தொலைக்காட்சியில் படிக்க இயலாது. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் தங்கள் திரையின் எல்லையை அறிந்து அதற்குள் எழுதினார்கள்.

எட்டுக்கு எட்டுக் கட்டத்துள் ஞகரம்

அந்த எல்லை யாருடைய எழுத்துக்கு ஏற்ற எல்லை என்பது மொழியியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வி. ஸ்பெக்ட்ரத்திலும் ஐபிஎம்மின் வண்ண அட்டையிலும் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். ஆங்கிலப் பேரெழுத்துகள் ஐந்து அகலம், ஏழு உயரத்தில் அடங்கிவிடும். தமிழை அதில் எழுதிப் பாருங்கள். மேலே புள்ளிக்கு ஒரு வரி, அது உடலோடு ஒட்டாதிருக்க இன்னொரு வரி, கீழே உகரச் சுழிக்கு இரண்டு வரி ஒதுக்கினால் எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது நான்கு வரி. நான்கு வரியில் ட எழுதலாம். ஞ எழுத முடியாது. அகலமும் அப்படியே: ரகரத்துக்குப் போதும் கட்டத்தில் ணகரத்தின் சுழிகள் அடங்கா.

ஐஐடி கான்பூரில் தொடங்கி, பின்னர் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம் இந்தப் பின்னணியில்தான் முக்கியமாகிறது. கணினியில் செருகும் ஒரு தனி அட்டையே இந்திய எழுத்துகளை வரையும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதனோடு வளர்ந்த இஸ்கி குறியீடு 1991இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. எழுத்தைச் சேமிப்பது வேறு, வரைவது வேறு என்ற பிரிவினை இங்கு உறுதிப்பட்டது. கோப்பில் "கொ" என்பது ககரம், பிறகு ஒகரக்குறி என்ற வரிசையில் இருக்கும். திரையில் அந்தக் குறி பிளந்து, கொம்பு ககரத்துக்கு இடப்புறமும் கால் வலப்புறமும் போய் நிற்கும். கோப்பில் இரண்டாவதாக இருப்பது திரையில் முதலாவதாக வந்து ஓரத்தில் நிற்கிறது. கொடை காடையானது இதனால்தான்.

தொலைக்காட்சியின் வரிவிட்டு வரி முறை இன்னொரு தொல்லையையும் தந்தது. ஒரே ஒரு வரி உயரமுள்ள எதுவும் இரண்டு அரைப்படங்களில் ஒன்றில் மட்டுமே இடம்பெறும்; ஆகவே நொடிக்கு 25 முறை தோன்றி மறையும். தமிழில் அப்படி ஒரு வரியில் முடியக்கூடியது எது? புள்ளி. மெய்யை மெய்யாக்கும் அந்தச் சிறு குறி, சிறிய எழுத்தில் எழுதினால் தொலைக்காட்சியில் நடுங்கிக்கொண்டே இருந்திருக்கும். "கண்" என்பதற்கும் "கண" என்பதற்கும் இடையே ஒரு வரியின் நடுக்கம்தான் வேறுபாடு.

பிரிவும் மறுசேர்க்கையும்

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ, 640க்கு 480 புள்ளிகளை வரிவிடாமல் ஒரே ஓட்டத்தில் வரைந்தது. அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 31,500 வரிகள் வேண்டும். நாம் நினைவில் வைத்த 15,625 என்ற எண்ணுக்கு இது இருமடங்கு. வீட்டுத் தொலைக்காட்சியால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது. அத்துடன் கணினியும் தொலைக்காட்சியும் பிரிந்தன. இரண்டையும் இணைக்க விரும்பியவர்கள் இடையில் ஒரு மாற்றியை வைத்து, வரிகளைக் குறைத்து, மங்கிய எழுத்தோடு நிறைவடைந்தார்கள்.

இப்பிரிவுக் காலம் தமிழுக்கு நன்மையாக அமைந்தது. கணினித் திரை தனக்கென வளர்ந்து, புள்ளிகள் பெருகி, ஞகரத்துக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழை உள்ளடக்கி வந்தபோது அதனோடு வந்த எழுத்துரு லதா. அதன் எழுத்துரு இயக்குநர் ரகுநாத் ஜோஷி. பவாய் ஐஐடியில் கற்பித்தவர், பின்னர் ஜூஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தோடு இணைந்து பணியாற்றியவர். தேவநாகரிக்கான மங்கல் எழுத்துருவையும் உருவாக்கிய மராத்தியக் கலைஞர். உலகெங்கும் உள்ள தமிழர் பல்லாண்டுகள் தங்கள் கணினியில் தமிழை எந்த முகத்தோடு கண்டார்களோ, அந்த முகம் ஒரு மும்பைக்காரரின் மேற்பார்வையில் உருவானது. மும்பைத் தமிழர் வரலாறு எழுதுவோர் தாராவியின் தோல் பட்டறைகளையும் மாட்டுங்காவின் சபாக்களையும் எழுதும்போது இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

மறுசேர்க்கை 2000களில் நிகழ்ந்தது. எச்டிஎம்ஐ விதிமுறையின் முதல் வடிவம் 2002 டிசம்பரில் வெளியாயிற்று. கண்ணாடிக் குழாய் போய்த் தட்டைத் திரை வந்தது. மும்பையில் பழைய அனலாக் கேபிளை நிறுத்த விதிக்கப்பட்ட கெடு 2012 அக்டோபர் 31. தட்டைத் திரைக்குப் புள்ளிகள் நிலையானவை: 1920க்கு 1080, அல்லது மலிவான திரைகளில் 1366க்கு 768. மின்னழுத்தம் குறைந்தால் இது சுருங்காது; ஓரத்தை மறைக்கும் தேவையே இல்லை. ஆனால் பழக்கம் போகவில்லை. பழைய ஒளிபரப்புகளின் ஓரத்தில் கசடு தெரியும் என்பதால், வரும் படத்தைச் சில விழுக்காடு பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் வழக்கத்தைப் பல தயாரிப்பாளர்கள் மென்பொருளில் தொடர்ந்தார்கள். எச்டிஎம்ஐ வழி 1920க்கு 1080 என்ற அளவில் ஒரு படம் வந்தால், அது ஒளிபரப்பாகத்தான் இருக்கும் என்று தொலைக்காட்சி கருதிக்கொள்கிறது. ஐந்து விழுக்காடு பெரிதாக்கினால் இடப்புறம் ஏறத்தாழ 46 புள்ளிகள் போகும். நான் தேர்ந்திருந்த எழுத்தளவில் ஒரு கொம்பின் அகலம் அதற்குள் அடங்கியது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். தொலைக்காட்சியின் பட அளவுத் தேர்வில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "1:1" என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும் அமைப்பைத் தேர்க, மிகைவிரிவு நின்றுவிடும். கணினியில் பிரிதிறனைத் திரையின் இயல்பான புள்ளி எண்ணிக்கைக்குச் சமமாக வைக்க. 1366 புள்ளித் திரை தன்னை 1360 என்று அறிமுகப்படுத்திக்கொள்வதும் உண்டு. 1366 எட்டால் வகுபடாத எண், திரை தன் அளவுகளைக் கணினிக்குச் சொல்லும் பழைய அட்டவணையோ எட்டின் மடங்குகளில் பேசுவது. உள்ளீட்டுக்குப் "பிசி" என்று பெயரிட வழி இருந்தால் பெயரிடுக. பல தொலைக்காட்சிகளில் வண்ண விவரத்தைப் பாதியாக்கும் செயல் அதனால் நிற்கும், நீலத்தின்மேல் எழுதிய சிவப்பு எழுத்து கலங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்தில் இடம் விட்டு எழுதுக.

ஏட்டிலிருந்து திரைக்கு

ஓரத்தில் இடம் விடுவது நமக்குப் புதிதன்று. ஏடு எழுதியவர்கள் விட்டார்கள். ஓலையின் ஓரம் முதலில் சிதையும் என்று அவர்களுக்குத் தெரியும். கயிற்றுத் துளையைச் சுற்றியும் இடம் விட்டார்கள். புள்ளியின் நடுக்கமும் புதிதன்று. மெய்க்கும் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளியிட வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருந்தன. எகர ஏகாரக் கொம்புகளைப் பிரித்துக் காட்டும் சீர்மை வீரமாமுனிவர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரை ஏட்டில் "கொடை" என்பதைக் கோடை என்றும் படிக்கலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும். பதிப்பாசிரியர்கள் உழைத்தது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஏட்டின் ஓரம் சிதைந்தால் சிதைவு கண்ணுக்குத் தெரியும். இங்கே ஏதோ இருந்தது என்று ஓலையே சொல்லும். தொலைக்காட்சி வெட்டிய ஓரம் எந்தத் தடயமும் விடுவதில்லை. படம் நிறைவாக இருக்கிறது. சொல்லும் நிறைவாக இருக்கிறது. வேறு சொல்லாக இருக்கிறது. என் கோப்பில் கொடை என்றே இருந்தது. அன்று நான் அவையை நோக்கி நின்றதால் திரையைப் பார்க்கவில்லை.

சிரிப்போடு இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்தப் பெரியவர் சிரித்தார், ஏனெனில் அவருக்குக் கொடை தெரியும். ஊரில் வில்லுப்பாட்டுக் கேட்டு விடிய விடிய அமர்ந்தவர். முன்வரிசைச் சிறுவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் திரையில் இருந்ததைச் சரியாகவே படித்தார்கள். மும்பையில் பிறந்து, பள்ளியில் வேறு எழுத்துகளைக் கற்று, தமிழை வீட்டுப் பேச்சாகவும் திரை எழுத்தாகவும் மட்டுமே அறியும் பிள்ளைகளுக்குத் திரைக்கு அப்பால் சரிபார்த்துக்கொள்ள ஒரு பக்கம் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை திரையில் தெரிவதே எழுத்து. தமிழைத் திரையில் வைக்கும் ஆசிரியரும் ஆய்வாளரும் ஏடெழுதியவரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள். ஓரம் எங்கே முடிகிறது என்று அறிந்திருப்பது அந்தப் பொறுப்பின் பகுதி.

பேசத் தொடங்குமுன் இப்போதெல்லாம் ஒரு சிறு சோதனை செய்கிறேன். திரையின் நான்கு மூலைகளிலும் "கொ" என்று எழுதிய ஒரு பக்கத்தை முதலில் காட்டுகிறேன். நான்கிலும் கொம்பும் காலும் தெரிந்தால் உரையைத் தொடங்கலாம். இச்சோதனையை எனக்குச் சொல்லித் தந்தவள் தாராவியின் அந்த மாணவிதான். நான் வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "அடுத்த வாட்டி முதல்லயே பாத்துக்கோங்க அக்கா" என்று சொன்னாள்.

1980களில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ வீட்டுத் தொலைக்காட்சியோடு கணினியை இணைத்துத் தமிழ் எழுத முயன்றவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், எழுதுங்கள். அந்த வரலாறு இன்னும் யாருடைய கோப்பிலும் சேரவில்லை.